வேல்ஸ் மலைகளுக்கு நாய்களோடு புறப்படும் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

லண்டன், பர்மிங்காம், லெஸ்டர் பக்கமிருந்து வேல்ஸுக்கு விடுமுறை போகும், நாய் வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,



மூன்று நான்கு குடும்பங்கள், தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை பதினெட்டு இருபது பேர், கூடவே இரண்டு மூன்று நாய்கள். இத்தனை பேரும் ஒரே கூரையின் கீழ் நான்கு நாள் சேர்ந்திருக்க பிரிட்டனில் இடம் தேடினால், பேச்சு சீக்கிரமே வேல்ஸில் வந்து நிற்கிறது. ஹோட்டல் என்றால் கூட்டம் ஏழெட்டு அறைகளாகச் சிதறிவிடும். நாய்க்கு அறையில் இடம் கிடைத்தாலும் சாப்பாட்டுக் கூடத்தில் கிடைக்காது. வேல்ஸின் நாட்டுப்புறத்திலோ பழைய பண்ணை வீடுகளும் தானியக் கிடங்குகளும் மாட்டுக் கொட்டில்களும் பெரிய விடுமுறை வீடுகளாகியிருக்கின்றன. நீளமான சாப்பாட்டு மேசை, விறகு கணப்பு, சேறு படிந்த பூட்ஸைக் கழற்றிவைக்க ஓர் இடம், ஜன்னலைத் திறந்தால் மலை. நாயைக் காப்பகத்தில் விட்டுவிட்டு அதே நினைப்போடு ஊர் சுற்ற வேண்டியதில்லை.

இந்த ஏற்பாடு நீடிக்க வேண்டும் என்ற அக்கறையில் எழுதப்படுவது இந்த மடல். சொல்ல வந்தது ஒன்றுதான். வீட்டு விளம்பரத்தில் ‘நாய்க்கு அனுமதி உண்டு’ என்று இருந்தால், அந்த அனுமதி வீட்டுக்கும் தோட்டத்துக்கும் மட்டுமே. தோட்ட வேலிக்கு அப்பால் இருப்பது ஒரு குடும்பத்தின் பிழைப்பு. வீட்டைத் தேர்ந்தெடுப்பது, தேதி குறிப்பது, நாயை வெளியே கூட்டிப்போவது எல்லாமே அந்தப் பிழைப்பை மனதில் வைத்து நடக்க வேண்டும்.

விலங்கோடு ஒரே வீட்டில் வாழ்வது வேல்ஸ்காரர்களுக்குப் புதிதல்ல. மலைப்பகுதிகளில் அவர்கள் முன்பு கட்டிய நீள்வீடுகளில் ஒரு முனையில் மனிதர்கள் இருந்தார்கள், மறு முனையில் மாடுகள் நின்றன. கார்டிஃப் அருகே 1948இல் திறக்கப்பட்ட செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில் அப்படி ஒரு வீட்டை இன்றும் பார்க்கலாம். கிலெவென்ட் என்ற அந்தப் பண்ணை வீட்டை ராட்னர்ஷயரில் பிரித்தெடுத்து அங்கே கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள்.

நாயோடும் அவர்களுக்கு உறவு பழையது. பிரிட்டனின் முதல் ஆட்டுநாய்ப் போட்டியாகச் சொல்லப்படுவது 1873இல் வடக்கு வேல்ஸின் பாலா ஊரில் நடந்தது. இரண்டாம் எலிசபெத் அரசியின் காலடியில் எப்போதும் சுற்றிக்கொண்டிருந்த பெம்ப்ரோக் கார்கி இனம் இந்த மண்ணில் மாடு ஓட்டப் பிறந்தது. மாட்டின் குதிகாலைக் கடித்து ஓட்டுவதற்கு அந்தக் குட்டைக் கால்கள் தோதாக இருந்தன. ஆக, வேல்ஸ் பண்ணைக்காரருக்கு நாய் மேல் வெறுப்பு கிடையாது. அவரிடமே இரண்டு மூன்று இருக்கும். ஆனால் அவருடைய நாய் ஒரு விசிலுக்கு நிற்கும், இன்னொரு விசிலுக்குப் படுக்கும். விடுமுறைக்கு வந்த லாப்ரடார் அப்படி நிற்காது என்பது அவருக்குத் தெரியும்.

வேல்ஸில் மக்கள் சுமார் 31 லட்சம் பேர். ஆடுகள் 80 லட்சத்துக்கும் மேல். எந்த வீட்டை வாடகைக்கு எடுத்தாலும் பக்கத்து நிலத்தில் செம்மறிக் கூட்டம் மேய்கிறது என்று எடுத்துக்கொள்வதே சரி.

நாய் துரத்தினால் ஆட்டுக்கு என்ன ஆகும் என்பது நகரத்தில் வளர்ந்தவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. கடிதான் ஆபத்து என்று நினைக்கிறோம். பல் படாமலேயே ஆடு சாகும். பயந்து ஓடி வேலி மூலையில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மூச்சு முட்டும், பள்ளத்தில் விழும், சினை ஆடு கருவைக் கலைத்துவிடும். குட்டி ஈனும் காலம் பெரும்பாலும் பிப்ரவரி கடைசியிலிருந்து மே வரை. பள்ளிகளின் ஈஸ்டர் விடுமுறையும் அதற்குள்தான் வருகிறது. தாயும் குட்டியும் முதல் சில மணி நேரத்தில் வாசனையால் ஒன்றையொன்று அறிகின்றன; அந்த நேரத்தில் பிரிந்தால் தாய் குட்டியை ஏற்காமலே போகலாம்.

மேல்மலைகளில் இன்னொரு சங்கதி உண்டு. அங்கே பல இடங்களில் வேலியே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு மந்தையும் மலையில் தனக்குரிய பகுதியை விட்டு விலகாது. எந்தச் சரிவில் புல், எந்த மடிப்பில் காற்றுக்கு ஒதுங்கலாம், எதுவரை தன் எல்லை என்பதைக் குட்டி தாயின் பின்னே நடந்தே கற்றுக்கொள்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் அறிவு இது. ஒரு நாய் பத்து நிமிடம் துரத்தினால் மந்தை சிதறி அடுத்த பள்ளத்தாக்கில் போய் நிற்கும். அதைத் தேடித் திரட்டிவர மலையேறிப் பல மணி நேரம் அலைய வேண்டியவர் பண்ணைக்காரர்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. கால்நடைகளை நாய் துரத்துவது 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆடுகள் நிற்கும் வயலில் கயிறோ கட்டுப்பாடோ இல்லாமல் நாய் சுற்றினாலே அது அந்தக் குற்றத்தில் சேரும். மந்தையைக் காக்க வேறு வழியில்லாமல் பண்ணைக்காரர் நாயைச் சுட்டால், 1971ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது; 48 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்லிவிட வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. பொதுமக்கள் நடமாடத் திறந்துவிடப்பட்ட மலைகளிலும் தரிசுகளிலும் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாய் 2 மீட்டருக்கு மிகாத கயிற்றில் இருக்க வேண்டும்; கால்நடை அருகே என்றால் ஆண்டு முழுவதும் அப்படியே. நீண்டு சுருங்கும் வகைக் கயிறு இதற்கு உதவாது, அளவு மாறாத கயிறு வேண்டும். அந்த மாதங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு ஆடுகள் மட்டும் காரணமல்ல. வானம்பாடியும் வளைந்த நீள் அலகு கொண்ட கர்லூவும் தரையில் முட்டையிடும் காலமும் அதுவே. வேல்ஸில் கர்லூ வேகமாகக் குறைந்துவரும் பறவை.

வடக்கு வேல்ஸின் எரிரி மலைப்பகுதிக்குப் போகிறவர்கள் பெத்கெலெர்ட் கிராமத்தில் நிற்காமல் வருவதில்லை. அங்கே சொல்லப்படும் கதை இது. 13ஆம் நூற்றாண்டு இளவரசர் லெவெலின் வேட்டையிலிருந்து திரும்புகிறார். தொட்டில் கவிழ்ந்திருக்கிறது, குழந்தையைக் காணோம், நாய் கெலெர்ட்டின் வாயெல்லாம் ரத்தம். ஆத்திரத்தில் நாயை வாளால் குத்திவிடுகிறார். பிறகு குழந்தை அழும் குரல் கேட்கிறது. பக்கத்தில் நாய் கடித்துக் கொன்ற ஓநாய் கிடக்கிறது. தமிழ் வாசகருக்கு இது கேட்ட கதை. பாம்பைக் கொன்று குழந்தையைக் காத்த கீரிப்பிள்ளையைக் கொன்ற பார்ப்பனப் பெண்ணின் துயரையும், அதைக் கோவலன் தீர்த்ததையும் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மாடலன் சொல்கிறான். உலகெங்கும் உலவும் ஒரே கதையின் இரு கிளைகள் இவை. பெத்கெலெர்ட்டில் இன்று காட்டப்படும் நாய்க் கல்லறை 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவ்வூர் விடுதிக்காரர் ஒருவர் பயணிகளை ஈர்க்க எழுப்பியது என்பதே ஆய்வாளர்களின் முடிவு.

அந்தக் கதையை இன்னொரு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். சினை ஆடுகளுக்கு நடுவே முன்பின் தெரியாத நாய் ஓடுவதைப் பார்க்கும் பண்ணைக்காரருக்கு யோசிக்கச் சில நொடிகளே கிடைக்கின்றன. உங்கள் நாய் விளையாடுகிறதா, வேட்டையாடுகிறதா என்று அவர் எப்படி அறிவார்? லெவெலினின் நிலையில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தாமல் இருப்பது கயிற்றைப் பிடித்திருப்பவரின் பொறுப்பு.

வீட்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே பாதி வேலையை முடித்துவிடலாம். எத்தனை நாய்களுக்கு அனுமதி, ஒவ்வொன்றுக்கும் கட்டணம் எவ்வளவு, மாடி அறைகளுக்கு நாய் போகலாமா, நாயைத் தனியே விட்டு வெளியே போகலாமா என்பவை எல்லாரும் கேட்கும் கேள்விகள். இவற்றோடு வேலியைப் பற்றியும் கேளுங்கள். தோட்டம் நான்கு பக்கமும் அடைபட்டதா, எவ்வளவு உயரம், வாயிற்கதவு தானாகச் சாத்திக்கொள்ளுமா? பழைய கற்சுவர் படத்தில் அழகாக இருக்கும். இடுப்பளவுச் சுவரை ஒரு கோலி இன நாய் ஒரே தாவலில் கடந்துவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் யாருடைய நிலம், நீங்கள் தங்கும் வாரத்தில் அங்கே என்ன மேயும், குட்டி ஈனும் வயலா? வீடு பண்ணை முற்றத்துக்குள்ளேயே இருக்கிறதா? பக்கத்தில் நாயைக் கயிறில்லாமல் ஓடவிட வேலியிட்ட வயல் வாடகைக்குக் கிடைக்குமா? அருகிலுள்ள கால்நடை மருத்துவர் எத்தனை மைல்? வீட்டுக்காரர் இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொன்னால், அந்த வீடு நாயை வரவேற்கத் தயாராக இருக்கிறது என்று நம்பலாம்.

கூட்டம் பெரிதாக ஆக நாய் தப்பிப்போவதும் சுலபமாகிறது. இருபது பேர் உள்ள வீட்டில் கதவு எப்போதும் யாராவது ஒருவர் கையில் திறந்திருக்கும். சித்தப்பா காரிலிருந்து அரிசி மூட்டை இறக்குவார், பிள்ளைகள் பந்தை எடுக்க ஓடுவார்கள், நாய் நடுவே நழுவிவிடும். ‘யாராவது பார்த்துக்கொள்வார்கள்’ என்று எல்லாரும் நினைக்கும் வேலையை ஒருவரும் செய்வதில்லை. ஆகவே ஒவ்வொரு நாய்க்கும் வேளைக்கு ஒரு பெரியவர் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். முன்பின் பழகாத நாய்கள் வீட்டுக்குள் முதல்முறை சந்திக்கக் கூடாது. வெளியே, கயிற்றில், கொஞ்ச தூரம் சேர்ந்து நடந்த பிறகு உள்ளே கூட்டி வாருங்கள். சாப்பாடு தனித்தனி அறையில். கழுத்துப்பட்டையில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது 1992ஆம் ஆண்டு ஆணை. மைக்ரோசிப் 2016 முதல் கட்டாயம். அதில் பதிந்த போன் எண் பழையதா என்று புறப்படுமுன் பாருங்கள்.

அடுத்தது சமையலறை. நம் வீட்டுக் கூட்டங்களில் இதுவே நாய்க்கு மிக ஆபத்தான இடம். வெங்காயமும் பூண்டும், சமைத்தவையானாலும், நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். குழம்பு ஊற்றிய மிச்சச் சோறு அதற்கு ஆகாது. பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். வெந்த கோழி எலும்பு நொறுங்கிக் குடலைக் குத்தும். சாக்லேட்டும், சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டாலும் விஷம். பாட்டி பாசத்தோடு மேசைக்கடியில் நீட்டும் உருண்டையை யாராவது அன்பாகத் தடுத்தாக வேண்டும். குப்பைத் தொட்டிக்கு இறுக்கமான மூடி தேவை.

அந்த வீடுகளின் உடல்வாகையும் அறிந்து சமையுங்கள். பல நாட்டுப்புற வீடுகளில் கழிவுநீர் செப்டிக் டேங்கில் போய்ச் சேர்கிறது. பொரித்த எண்ணெயையும் ஈரத் துடைப்பான்களையும் தொட்டியில் விட்டால் இருபது பேர் இருக்கும் வீட்டில் இரண்டாம் நாளே அடைத்துக்கொள்ளும். சில வீடுகளுக்குக் குடிநீர் ஊற்றிலிருந்தோ ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ வருகிறது. வாடகைக்கு விடும் வீட்டுக்குத் தீ ஆபத்து மதிப்பீடு இருக்க வேண்டும் என்பது 2005ஆம் ஆண்டு ஆணை. அதைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். மிளகாய் தாளிக்கும் புகைக்குப் புகை எச்சரிக்கை மணி அலறும் என்பதற்காக அதை மூடிவைக்காதீர்கள். ஜன்னலைத் திறந்துவைத்துத் தாளியுங்கள்.

நாயின் மலத்தை வயலில் விட்டுவிட்டு வந்தால் உரமாகிவிடும் என்ற எண்ணம் தவறு. நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி நாயின் மலத்தின் வழியே புல்லில் சேர்ந்து, மேய்ந்த பசுவின் கருவைக் கலைக்கிறது. மத்திய வேல்ஸின் பொவிஸ் பகுதிக்கு நாடாப்புழுவோடு ஒரு கசந்த வரலாறே உண்டு. இறந்த ஆட்டின் உறுப்பைத் தின்னும் நாயின் குடலில் வளரும் ஒருவகைப் புழுவின் முட்டை மனித உடலில் சேர்ந்தால், கல்லீரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகள் உண்டாகும். அதை ஒழிக்க 1983 முதல் 1989 வரை தெற்கு பொவிஸில் பண்ணை நாய்களுக்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை மருந்து கொடுத்தார்கள். நகரத்து நாய்க்கும் புறப்படுமுன் நாடாப்புழு மாத்திரை கொடுத்துவிடுவது நல்லது. மலையில் செத்துக்கிடக்கும் ஆட்டின் பக்கம் அதை விடக் கூடாது.

மாடுகளிடம் விதி வேறு. கன்றோடு நிற்கும் பசுக்களுக்கு நாய் என்றால் எதிரி. சுற்றிப் போக வழி இருந்தால் சுற்றிப் போங்கள். மாடுகள் விரட்டி வந்தால் மட்டும் கயிற்றை விட்டுவிடுங்கள். நாய் ஓடித் தப்பிவிடும், பிடித்துக்கொண்டு நிற்கும் மனிதரே மிதிபடுவார்.

உங்களில் பலருக்குக் கார்மார்த்தன்ஷயர் பாதை பழக்கமானது. இலங்கையிலிருந்து வந்த குரு சுப்ரமணியம் 1973இல் நிறுவிய ஸ்கந்த வேல் முருகன் கோயில் அங்கேதான் இருக்கிறது. அந்தக் கோயிலின் ஷாம்போ என்ற காளைக்குக் காசநோய்ப் பரிசோதனையில் தொற்று தெரிந்து, நீதிமன்றம் வரை போராடியும் பலிக்காமல், 2007 ஜூலையில் அது கொல்லப்பட்டது. பக்தர்களின் கண்ணீர் பிரிட்டன் முழுக்கத் தொலைக்காட்சியில் தெரிந்தது. அதே நோய்க்காகத் தங்கள் மாடுகளை இழந்த அக்கம்பக்கத்துப் பண்ணைக் குடும்பங்களின் கண்ணீர் அவ்வளவு தெரியவில்லை. கால்நடை நோய் அங்கே ஒரு வீட்டை எப்படி உலுக்கும் என்பதை இந்தச் சம்பவத்தின் வழியே தமிழர்கள் அருகிலிருந்து பார்த்திருக்கிறார்கள். தரிசனத்துக்குப் போகும் நாளில் நாயோடு வீட்டில் தங்க ஒருவரை முன்னதாகவே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

இவ்வளவு கட்டுப்பாட்டுக்கிடையிலும் நாய்க்கு ஓட இடம் ஏராளம். கௌவர் தீபகற்பத்தின் ரொசிலி கடற்கரையில் மூன்று மைல் நீள மணலில் ஆண்டு முழுவதும் நாய் போகலாம். வேறு பல கடற்கரைகளில் மே 1 முதல் செப்டம்பர் 30 வரை தடை உண்டு. சில இடங்களில் மணலின் பாதிப் பகுதிக்கு மட்டும். 2012இல் திறக்கப்பட்ட 870 மைல் வேல்ஸ் கடற்கரைப் பாதை அழகானது, ஆனால் செங்குத்துப் பாறை விளிம்பில் நாயைக் கயிற்றிலேயே வைத்திருங்கள். பர்மிங்காம் குடும்பங்கள் ஈலன் பள்ளத்தாக்கை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். 1904இல் திறக்கப்பட்ட அந்த அணைகளின் தண்ணீர் 73 மைல் தூரம் புவியீர்ப்பால் மட்டுமே ஓடி உங்கள் ஊருக்கு வருகிறது. கோடையில் ஏரி ஓரம் பச்சைப் பாசி படர்ந்திருந்தால் நாயை இறக்காதீர்கள். நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு சில மணி நேரத்தில் உயிரை எடுக்கும். பெரணிப் புதரில் நடந்து வந்த பின் உண்ணி இருக்கிறதா என்று காது மடல், கால் விரலிடுக்கு எல்லாம் பாருங்கள். பிள்ளைகளையும் பாருங்கள்.

நான்கைந்து கார்கள் வரிசையாகப் போகும்போது ஊர்ச் சாலைகளையும் நினைவில் வையுங்கள். 2023 செப்டம்பர் முதல் வேல்ஸின் குடியிருப்புச் சாலைகளில் பொதுவான வேக வரம்பு மணிக்கு 20 மைல். வீட்டுக்குப் போகும் கடைசி மைல்கள் ஒற்றை வண்டிப் பாதையாக இருக்கும். எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்கும் இடம்வரை பின்னோக்கி ஓட்டத் தெரிந்தவர் முதல் காரில் இருக்கட்டும்.

விடுமுறை வீடுகளைப் பற்றி அந்த ஊர்களில் வருத்தமும் இருக்கிறது. சொந்த ஊரில் வீடு வாங்க முடியாமல் இளையவர்கள் வெளியேறுகிறார்கள். வெல்ஷ் பேசும் கிராமங்களில் அது மொழியையும் தொடும் இழப்பு. 2021 கணக்கெடுப்பில் அம்மொழி பேசுவோர் சுமார் 5,38,000 பேர். அதனால்தான் 2023 முதல் ஒரு வீடு விடுமுறைத் தொழிலாகக் கணக்கில் வர ஆண்டுக்கு 182 நாளாவது வாடகைக்குப் போயிருக்க வேண்டும் என்று விதித்தார்கள். குவினெத் மாவட்டம் இரண்டாம் வீடுகளுக்கு 150 சதவீதம் கூடுதல் வரி போட்டது. இதைத் தீர்க்க விருந்தாளியால் முடியாது. ஆனால் காரை லண்டன் கடைச் சாமான்களால் நிரப்பிக்கொண்டு போகாமல் இருக்க முடியும். மசாலாவை மட்டும் கொண்டுபோங்கள். கறியை ஊர் இறைச்சிக்கடையில் வாங்குங்கள். வெல்ஷ் ஆட்டிறைச்சிக்கு 2003 முதல் புவிசார் குறியீடே உண்டு. காய்கறியும் பாலும் கிராமத்துக் கடையில். ஒருநாள் இரவுச் சாப்பாடு உள்ளூர் பப்பில். நாய்க்கு அங்கே பெரும்பாலும் ஒரு கிண்ணம் தண்ணீர் கிடைக்கும்.

இவ்வளவு செய்தும் ஒருநாள் கயிறு கைநழுவலாம். நாய் வயலுக்குள் பாய்ந்து ஆடுகளைத் துரத்திவிட்டால், அதைப் பிடித்த கையோடு பக்கத்துப் பண்ணை வீட்டின் கதவைத் தட்டுங்கள். யாருடைய மந்தை என்று தெரியாவிட்டால் விடுமுறை வீட்டுக்காரரைக் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும். யாரும் கிடைக்காவிட்டால் போலீஸின் 101 எண் இருக்கிறது. ஆடுகள் எழுந்து நிற்பதைப் பார்த்து ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கம்பளிக்கு அடியில் இருக்கும் கடி வெளியே தெரியாது. கரு கலைவது சில நாள் கழித்தும் நடக்கும். அன்றே சொன்னால் காயம்பட்ட ஆட்டுக்கு அன்றே மருந்து போட முடியும். நஷ்டத்தைக் கொடுத்துவிடுங்கள், நாய்க் காப்பீட்டில் மூன்றாம் தரப்புப் பாதுகாப்பு இருக்கிறதா என்பதையும் புறப்படுமுன்பே பார்த்துவையுங்கள்.

அன்புடன்.